வாய் ஏன் திறக்குதில்லை? வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

சென்ற இதழில் வாய்த்திறப்புக் குறைவதைப் பற்றி நாலு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுத் திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

எனக்கு வயது 24. பதினேழு, பதினெட்டு வயதிலிருந்தே வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டு வருகுது. நோ எதுவும் இல்லை. இப்ப இரண்டு விரல்கூட உள்ளே போகாது. ஞானப்பல் எடுக்கப் போன இடத்தில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, தாடை எலும்பில் ஒரு முனை வளர்ந்திருக்கு, ஒப்பரேஷன் தேவைப்படும் என்றார்கள். பயிற்சி செய்தால் சரிவராதா?
– வாசகர், உப்புவெளி

சரிவராது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் வீணாக மாதக்கணக்கில் வாயை இழுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கீழ்த்தாடை எலும்பு காதுக்குக் கீழே மேல்நோக்கித் திரும்பிப் போய் இரண்டு முனையாகப் பிரிகிறது. பின்னால் இருப்பது மூட்டுக் குமிழ். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது அதுதான். முன்னால் இருப்பது தட்டையான, கூரான ஒரு முனை. அதற்குப் பெயர் கொரோனொயிட். பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கிறதே, அந்தத் தசை கீழே வந்து பிடித்துக்கொள்வது இந்த முனையில்தான். வாய் திறக்கும்போது இந்த முனை முன்னோக்கிச் சரிந்து, கன்ன எலும்பின் உட்பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். முனை அளவுக்கு மீறி நீண்டோ தடித்தோ போய்விட்டால், கன்ன எலும்பின் பின்பக்கத்தில் இடித்து நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் அலுமாரி நிற்கும்போது பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள விபரங்கள் இந்த நோய்க்கு நன்றாகப் பொருந்துகின்றன: ஆண், பருவமடையும் வயதை ஒட்டிய தொடக்கம், நோவில்லாத மெதுவான குறைவு. இரு பக்கமும் வளர்ந்திருந்தால் தாடை கோணாமல் நேராகவே இறங்கி, ஒரு கட்டத்தில் டக்கென்று நிற்கும். அந்த இடத்தில் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தசை இறுக்கம் என்றால் நோவோடு சற்று விட்டுக்கொடுக்கும். எலும்பு இடித்தால் ஒரு மில்லிமீற்றரும் நகராது. வளர்ந்திருப்பது புற்றுநோய் அல்ல, சாதாரண எலும்புதான். ஜெர்மனியின் சத்திரசிகிச்சை நிபுணர் லாங்கன்பெக் 1853 இலேயே இதை எழுதியிருக்கிறார். பொட்டுத் தசையின் அதிக இழுப்பு, ஹோர்மோன், பழைய அடி, பரம்பரை என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்றே காரணம் என்று நிறுவப்படவில்லை.

அளவை நீங்களே எடுத்து எழுதி வையுங்கள். மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்பு வரைதான் அளவு. பள்ளிக்கூட அடிமட்டத்தில் பூச்சியம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். அதை அப்படியே பல்லில் ஊன்றி அளந்தால் சில மில்லிமீற்றர் பிழைக்கும். தடித்த மட்டை ஒன்றை ஒரு விரல் அகலத்தில் வெட்டி, அதன் நுனியைக் கீழ்ப்பல்லில் ஊன்றி, மேற்பல் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டை அளப்பது நல்லது. வளர்ந்தவர்களுக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர் வழமையானது. 35 க்குக் கீழே வந்தால் குறைவு என்று எடுக்கலாம். மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் அளந்து திகதியோடு எழுதிய தாள், கிளினிக்கில் நூறு வார்த்தை விளக்கத்தை விடப் பெரிது.

எங்கட வாப்பாவுக்கு 52 வயது. அவருக்கும் வாய் திறக்கக் கஷ்டம். முப்பது வருஷமா வெத்திலை, பாக்குப் போடுறார். உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரியுது என்கிறார். இதுவும் எலும்பு வளர்ச்சிதானா?
– வாசகி, கிண்ணியா

மகள், இது பெரும்பாலும் வேறு கதை. தாமதிக்கக் கூடாத கதை. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்தோலுக்குக் கீழே நார் படிந்து, கன்னம் இறுகிப்போகும். கன்னத்தின் உட்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறியிருக்கும். பெருவிரலைக் கன்னத்துக்கு உள்ளேயும் சுட்டுவிரலை வெளியேயும் வைத்து உருட்டினால், மேலிருந்து கீழாகக் கயிறு போன்ற பட்டை கையில் படும். உறைப்பு எரிவது இந்த நோயின் ஆரம்ப அடையாளம். எலும்பு வளர்ச்சியில் வாய் எரியாது, தோலின் நிறமும் மாறாது.

இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. சுண்ணாம்பைக் குறைத்தேன், புகையிலையை விட்டேன், சீவலுக்கு மாறினேன் என்பதெல்லாம் போதாது. பாக்கு முழுவதும் நிற்க வேண்டும். இந்த வாரமே பல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி ஏதும் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

முற்றிய நிலையில் இதற்கும் சத்திரசிகிச்சை உண்டு. நார்ப் பட்டையை வெட்டி, வெறுமையான இடத்தை வேறு இடத்துத் திசுவால் மூடுவார்கள். நெடுங்காலம் திறக்காத தாடையில் பொட்டுத் தசையும் சுருங்கியிருப்பதால், பட்டையை வெட்டிய பிறகும் திறப்புப் போதாவிட்டால் கொரோனொயிட் முனையையும் எடுத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு நோயும் வேறானாலும் சத்திரசிகிச்சை ஓரிடத்தில் வந்து சந்திக்கிறது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வாய் பூட்டிக்கொண்டால் அது மேலே சொன்ன எதுவுமில்லை. காய்ச்சல், கொடுப்புப் பக்கம் வீக்கம், விழுங்கக் கஷ்டம் என்றால் பல்லில் தொடங்கிய சீழாக இருக்கலாம். ஆணியோ முள்ளோ குத்தி சில நாளில் வாய் இறுகினால் ஏற்புவலியாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

என்ன படங்கள் எடுக்க வேண்டும்? ஒரு படத்தோடு முடியாதா?
– வாசகர், மூதூர்

முதல் படம் ஓ.பி.ஜி., அதாவது முழுத் தாடையையும் ஒரே தட்டில் காட்டும் எக்ஸ்ரே. அதில் கொரோனொயிட் முனை மூட்டுக் குமிழின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருப்பது வழமை. குமிழைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எங்கே இடிக்கிறது என்பதை அது காட்டாது, ஏனென்றால் கன்ன எலும்பின் நிழல் அதன்மேல் விழுந்துவிடும்.

முடிவு எடுக்க உதவுவது சி.டி. ஸ்கேன். மெல்லிய வெட்டுகளாக, ஒரு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ எடுத்து, முப்பரிமாணப் படமாகவும் அமைத்துப் பார்க்க வேண்டும். வாயை மூடி ஒரு தடவை, பல்லிடையே கட்டை வைத்து முடிந்த அளவு திறந்து ஒரு தடவை எடுத்தால் இடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். பலருக்கு மூடிய நிலையில் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு மீண்டும் எடுக்க நேர்கிறது. எழுதிக் கொடுக்கும்போதே “மூடியும் திறந்தும்” என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டின் உள்ளே இருக்கும் தட்டு விலகியிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அறிக்கைத் தாளை விட சத்திரசிகிச்சை நிபுணருக்கு அந்தத் தட்டே உதவும்.

ஒரு பக்கம் மட்டும், காளான் தலை மாதிரிப் பருத்து வளர்ந்திருந்தால் அது வெறும் நீட்சியாக இல்லாமல் எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த கட்டியாக இருக்கலாம். அப்போது வாய் திறக்கையில் தாடை நோயுள்ள பக்கத்துக்கே கோணும். கன்னமும் அந்தப் பக்கம் சற்று உயர்ந்து தெரியலாம். அந்த முனைக்கும் கன்ன எலும்புக்கும் இடையில் புதிதாக ஒரு மூட்டே உருவாகிவிடும் நிலையை 1899 இல் பிரான்சின் வைத்தியர் ஜாக்கொப் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

மகனுக்கு இந்த ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் தழும்பு வருமா? உண்மையில் என்ன செய்வார்கள்? எலும்பை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடுவான்?
– ஒரு தாய், திருகோணமலை நகர்

அம்மா, பெரும்பாலானவர்களுக்கு வெட்டு முழுவதும் வாய்க்குள்தான். வெளியே தையல் இல்லை.

முழு மயக்கத்தில், மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் போட்டிருப்பார்கள். வெட்டும் இடத்தில் அட்ரினலின் கலந்த விறைப்பு மருந்து ஏற்றிச் சில நிமிடம் விடுவார்கள். இரத்தக் குழாய் சுருங்கிக் கசிவு குறைய இந்த இடைவெளி வேண்டும். கீழ்க் கடைசிக் கொடுப்புப் பல்லின் வெளிப்பக்கத்திலிருந்து தாடையின் முன் விளிம்பு வழியே மேலே ஏறும் வெட்டு, ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். இதை அளவுக்கு மேல் உயர்த்தினால் கன்னக் கொழுப்பு வெளியே பிதுங்கி வேலை செய்யும் இடத்தை மறைக்கும். கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அங்கேதான் குறுக்கே போகிறது. அது வெட்டுப்பட்டால் கன்னத்தின் உட்பக்கம் விறைத்துக் கிடக்கும்.

பிறகு எலும்பின் மேலுறையோடு சேர்த்துப் பொட்டுத் தசையின் பிடியை முனையின் முன்பக்கத்திலும் உட்பக்கத்திலும் இருந்து உரித்து விடுவார்கள். பொறுமை தேவைப்படும் கட்டம் இதுதான். இந்தத் தசைநாண் எலும்போடு உறுதியாக ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு உறையைக் கிழித்தால் உட்பக்கத்து நாளக் கூட்டத்திலிருந்து இரத்தம் வரும். அதற்கும் உள்ளே முகத்தின் ஆழத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அதனால் வெட்டத் தொடங்குமுன் உட்பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்துக் காத்துக்கொள்வார்கள்.

அடுத்தது முனையை இறுகப் பிடித்துக்கொள்வது. இடுக்கியால் கவ்வியோ, துளையிட்டுக் கம்பி கோத்தோ பிடித்த பிறகே வெட்டை முடிப்பார்கள். பிடிக்காமல் முடித்தால் மேலே ஒட்டியிருக்கும் தசை துண்டை நெற்றிப்பொட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அதைத் திருப்பி எடுக்க மேலும் தோண்ட வேண்டிவரும். வீக்கமும் தழும்பும் அதற்கேற்பக் கூடும். வெட்டு, குமிழுக்கும் முனைக்கும் நடுவே உள்ள பள்ளத்திலிருந்து முன் விளிம்புக்குச் சாய்வாக வரும். வாள், சுழல் ஊசி, அல்லது அதிர்வால் எலும்பை மட்டும் அறுக்கும் கருவி, இதில் ஒன்றால் செய்வார்கள். சாய்வு பிழைத்துக் கீழே இறங்கினால் தாடை நரம்புக்கோ தாடைக் கிளைக்கோ (காதுக்குக் கீழே மேல்நோக்கிப் போகும் தாடைப் பகுதி) ஆபத்து. முனை மிக நீண்டிருந்தால் ஒரே துண்டாக வெளியே வராது. இரண்டு, மூன்று துண்டாக எடுப்பார்கள். எடுத்த எலும்பு பரிசோதனைக்குப் போகும். கட்டியா, வெறும் வளர்ச்சியா என்பதை அங்கேதான் உறுதிப்படுத்துவார்கள்.

மறு பக்கமும் அப்படியே செய்து முடித்தபின், மேசையில் வைத்தே வாயைத் திறந்து அளப்பார்கள். 35 க்கு மேல், முடிந்தால் 40 ஐ எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எலும்பு இன்னும் எங்கோ இடிக்கிறதா, தசை இறுகியிருக்கிறதா என்று தேடுவார்கள். இந்த அளவை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. பின்னால் வரப்போகும் ஆறு மாதத்துக்கு அதுதான் இலக்கு. சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

முனையை வெட்டி எடுக்காமல், வெட்டி மட்டும் விட்டுவிடும் முறையும் உண்டு. தோண்டல் குறைவு, வீக்கமும் இரத்தக்கட்டும் குறைவு. ஆனால் விடப்பட்ட துண்டு மீண்டும் எலும்போடு ஒட்டிக்கொள்ளலாம். கட்டி என்ற சந்தேகம் இருந்தால் இந்த முறை ஆகவே ஆகாது. எதைச் செய்யப் போகிறார்கள், ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

முனை கன்ன எலும்போடு ஒட்டியே போயிருந்தாலோ மிகப் பெரிதாக இருந்தாலோ வெளியிலிருந்து போக வேண்டி வரலாம். தலைமுடிக்குள் மறையும் வெட்டோ தாடையின் கீழ் வெட்டோ போடுவார்கள். அப்போது தழும்பும், முகத் தசைகளை இயக்கும் நரம்புக்கு ஆபத்தும் கணக்கில் சேரும்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மெல்லும் பலத்துக்குக் கன்னத்தின் வெளியிலும் உள்ளிலும் வேறு தசைகள் இருக்கின்றன. பொட்டுத் தசையும் கொஞ்சம் கீழே தாடைக் கிளையில் மீண்டும் பிடித்துக்கொள்ளும். முதல் வாரங்களில் கடிக்கப் பலம் குறைவாகத் தெரியும், பிறகு பழகிவிடும்.

விழித்திருக்கும்போதே மூக்கால் குழாய் விடுவோம் என்று மயக்க மருந்து வைத்தியர் சொன்னார். கேட்டதிலிருந்து நித்திரை இல்லை. மயங்கிய பிறகு விட முடியாதா?
– வாசகர், தம்பலகாமம்

உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார். சாதாரணமாக மயங்கியபின் வாயை அகலத் திறந்து, தொண்டையைப் பார்த்துக் குழாய் விடுவார்கள். நோவால் அல்லது தசை இறுக்கத்தால் மூடிய வாய், மயக்க மருந்தில் தளர்ந்து திறக்கும். எலும்பு இடித்து நிற்கும் வாய் எந்த மருந்துக்கும் திறக்காது. உங்களை மயக்கி, சுவாசமும் நின்ற பிறகு குழாய் விட முடியாமல் போனால் நிமிடங்களில் உயிராபத்து.

ஆகவே மூக்குக்கும் தொண்டைக்கும் விறைப்பு மருந்து தெளித்து, பதட்டம் தணிய மெல்லிய மருந்தும் கொடுத்து, நீங்களே சுவாசித்துக்கொண்டிருக்கும்போது, நுனியில் கமெராவும் விளக்கும் உள்ள வளையும் குழாயை மூக்கால் விடுவார்கள். அதன் மேலே சுவாசக் குழாய் வழுக்கி இறங்கும். இருமல் வரும், கண்ணீர் வரும், நோ பெரிதாக இராது. குழாய் சரியான இடத்தில் என்று உறுதியான மறு கணம் நித்திரையாக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. இந்த நோய் உள்ளவர் வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், குடல்வளரி, பிரசவம், கை முறிவு எதுவானாலும், “என் வாய் இவ்வளவுதான் திறக்கும்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வையுங்கள்.

எனக்கு இரு பக்கமும் எடுத்தார்கள். மேசையில் 41 மில்லிமீற்றர் வந்தது என்றார்கள். இப்ப மூன்று கிழமை. 26 தான் திறக்குது. ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா?
– வாசகர், கந்தளாய்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தோம். பிழைத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இனி வரும் வாரங்கள் முக்கியம்.

மேசையில் இருந்த அளவு, நோ இல்லாத, தளர்ந்த தசையின் அளவு. அதற்குப் பிறகு வீக்கம், நோ, எல்லாவற்றுக்கும் மேலாகத் தழும்பு. உரிக்கப்பட்ட தசைநாணும் இரத்தம் கசிந்த இடமும் ஆறும்போது சுருங்கும். வாயை அசைக்காமல் விட்டால் சுருங்கிய நிலையிலேயே ஆறும். முன்பு எலும்பு தடுத்த இடத்தில் இப்போது நார் தடுக்கும். சத்திரசிகிச்சை நன்றாக நடந்தும் திறப்புத் திரும்பக் குறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எலும்பு மீண்டும் வளர்வதும் உண்டு, ஆனால் அது மூன்று கிழமையில் நடக்காது.

உங்கள் நிபுணர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். வைத்தியசாலையில் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக் குச்சிகளை மருந்துக்கடையில் பெட்டியாக வாங்கலாம். ஒன்று ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. பத்தை அடுக்கி அளந்து உங்கள் பெட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு முக்கால் மணித்தியாலம் முன்பு, உங்களுக்குத் தந்த நோ மாத்திரையைப் போடுங்கள். நாளுக்கான அளவைத் தாண்ட வேண்டாம். சுடுதண்ணியில் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வையுங்கள். (முதல் இரண்டு நாள் மட்டுமே ஐஸ், அதன் பிறகு சூடு.) இன்று வசதியாகப் போகும் அளவுக்குக் குச்சிகளை அடுக்கி, ஒரு பக்கத்துக் கொடுப்புப் பற்களின் இடையே வையுங்கள். முன்பல்லில் வைத்து நெம்பினால் பல் ஆடும். பிறகு அடுக்கின் நடுவில் இன்னொரு குச்சியை மெல்லத் தள்ளுங்கள். ஓரத்தில் சொருகினால் அடுக்குச் சரிந்து முரசைக் குத்தும். இழுவை நன்றாகத் தெரிய வேண்டும், கண்ணில் நீர் வரும் நோ கூடாது. முப்பது விநாடி பிடித்து, எடுத்து, ஓய்வு. இப்படி ஐந்து தடவை, பின் மறு பக்கம். நாளுக்கு ஐந்து, ஆறு வேளை.

வாய்திறக்கும் கைக்கருவி கிடைத்திருந்தால் ஏழு விநாடி பிடித்து ஏழு தடவை, நாளுக்கு ஏழு வேளை என்ற முறை வழக்கத்தில் இருக்கிறது. எந்த முறையானாலும் சிறிது சிறிதாகப் பல வேளை செய்வதுதான் பலன் தரும். இரவில் ஒரே தடவை முக்கி முக்கிச் செய்தால் உள்ளே கிழிந்து, இரத்தம் கசிந்து, மேலும் தழும்பாகும்.

காலையில் எழுந்ததும் அளவு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் குறைந்திருக்கும். அது இயல்பு, மனம் தளர வேண்டாம். முதல் வேளைப் பயிற்சி முடிந்தபின் தினமும் அளந்து எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு குச்சி கூடினாலும் சரியான பாதைதான். நன்றாகச் செய்தும் ஒரு கிழமைக்குள் ஐந்து மில்லிமீற்றர் குறைந்து திரும்பாவிட்டால், காய்ச்சல், வாயில் கெட்ட சுவை, புதிய வீக்கம் இருந்தால், கிளினிக் திகதியைப் பார்த்திருக்காமல் போய்விடுங்கள். சீழ் கட்டியிருந்தால் பயிற்சி நோவைத்தான் கூட்டும். தழும்பு இறுகத் தொடங்கியிருந்தால், அது முற்றுமுன் மயக்கத்தில் ஒரு தடவை திறந்துவிடலாம்.

குறைந்தது ஆறு மாதம் இப்படித் தொடர வேண்டும். மூன்றாம் மாதத்தில் “நல்லாத்தானே இருக்கு” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், திறப்புத் திரும்பக் குறைவதும் அப்போதுதான்.

சிறுவயதில் மரத்தால் விழுந்து நாடி அடிபட்டது. அதிலிருந்து வாய் சரியாகத் திறந்ததே இல்லை. இப்ப 31 வயது. எனக்கும் இந்த முனைதான் காரணமா?
– வாசகர், குச்சவெளி

முதற்காரணம் மூட்டாக இருக்கலாம். நாடியில் விழும் அடி மேலே போய் மூட்டுக் குமிழை உடைக்கும். கவனிக்காமல் விட்டால் குமிழ் மண்டையோட்டோடு எலும்பாகவே ஒட்டிப்போகும். காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பாருங்கள். வாயசைக்கும்போது குமிழ் நகர்வது தெரியாவிட்டால் அதுதான். அசையாத தாடையில் பொட்டுத் தசை இழுத்துக்கொண்டே இருப்பதால் கொரோனொயிட் முனையும் நீண்டுவிடும்.

இதற்கு அமெரிக்காவின் சத்திரசிகிச்சை நிபுணர் கேபனும் கூட்டாளிகளும் 1990 இல் வெளியிட்ட சிகிச்சை வரிசை இன்றும் பின்பற்றப்படுகிறது: ஒட்டிய எலும்பைத் தாராளமாக எடுப்பது, அதே பக்கத்துக் கொரோனொயிட்டை எடுப்பது, அப்போதும் பலவந்தமில்லாமல் 35 மில்லிமீற்றர் வராவிட்டால் மறு பக்கத்துக் கொரோனொயிட்டையும் எடுப்பது, மூட்டுக்குள் தசையுறையை இடையே வைப்பது, உடனே பயிற்சி தொடங்குவது. இது முந்தியதை விடப் பெரிய சத்திரசிகிச்சை. வெட்டும் காதுக்கு முன்னால் வெளியே வரும்.

தாடையின் ஒரு பக்கம் நீண்டு, நாடி மற்றப் பக்கம் தள்ளியிருக்கு. வாய் நன்றாகத் திறக்குது. இதுவும் அதே வளர்ச்சியா?
– வாசகி, சாம்பல்தீவு

இல்லை. இது மூட்டுக் குமிழ் வளர்ச்சியாக இருக்கலாம். இதற்கு முதலில் தெரியவேண்டியது வளர்ச்சி நின்றுவிட்டதா என்பது. அணுமருந்து ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேனும், ஆறு மாத இடைவெளியில் எடுத்த படங்களும் அதைக் காட்டும். வளர்ந்துகொண்டிருந்தால் குமிழின் மேல் பகுதியை எடுப்பார்கள். நின்றிருந்தால் தாடையை நேராக்கும் சத்திரசிகிச்சை மட்டும்.

எண்ணெய் போட்டு நீவினால், சுளுக்கு எடுக்கிறவரிடம் போனால் திறக்கும் என்கிறார்கள்.
– வாசகர், நிலாவெளி

இடித்து நிற்கும் எலும்பை நீவித் தேய்க்க முடியாது. கையால் பலவந்தமாகத் திறந்தால் மூட்டுத் தட்டு கிழியலாம், குமிழ் உடையலாம். போக வேண்டாம்.

திருகோணமலையில் இருந்து எங்கே போக வேண்டும்? எவ்வளவு செலவாகும்? சாப்பாடு, வேலை எல்லாம் எப்படி?
– வாசகர், திருகோணமலை நகர்

முதலில் திருகோணமலை வைத்தியசாலையின் பல் கிளினிக். அங்கிருந்து வாய், முக, தாடை சத்திரசிகிச்சை நிபுணருக்குத் துண்டு எழுதித் தருவார்கள். ஊரில் செய்ய முடியாத நிலை என்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்து, கூட நிற்பவரின் செலவு, வெளியே எடுக்கச் சொன்னால் ஸ்கேன், மரக் குச்சி, நோ மாத்திரை, இவைதான் உங்கள் கையைக் கடிக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: பழைய படங்கள் எல்லாம், ஸ்கேன் தட்டு, அளவு எழுதிய தாள், குடிக்கும் மருந்துகளின் உறை. அஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் இளக்கும் மருந்து குடிப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் தானாக நிறுத்தக் கூடாது. சீனி வருத்தக்காரர் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே திகதி எடுக்கலாம். புகைப்பவர் நிறுத்தினால் புண் ஒழுங்காக ஆறும்.

பொதுவாக வாட்டில் சில நாள் இருக்க வேண்டி வரும். வீட்டுக்கு வந்த பிறகு முதல் வாரம் கஞ்சி, சூப், நன்றாகக் கரைத்த சோறும் பருப்பும், ஆறிய பால்தேநீர். இரண்டாம் வாரத்திலிருந்து சொதியில் ஊறவைத்த இடியப்பம், முள் நீக்கிய அவித்த மீன், முட்டை. புட்டு அப்போதைக்கு வேண்டாம். உதிரும் துணிக்கை தையலுக்குள் போய் அடையும். மீன் பொரியல், முறுக்கு, கச்சான் ஆறு வாரத்துக்குப் பிறகு. ஸ்ட்ரோவால் உறிஞ்ச வேண்டாம். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொப்பளியுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து தந்திருந்தால் அது காலையும் இரவும் மட்டும், உப்புத் தண்ணிக்கு அரை மணித்தியாலம் தள்ளி. தையல் பெரும்பாலும் தானே கரைந்து விழும், மூன்று கிழமை வரை எடுக்கலாம்.

மேசை வேலை என்றால் இரண்டு கிழமையில் போகலாம். கடலுக்குப் போகிறவர், சாமான் தூக்குகிறவர் மூன்று, நாலு கிழமை பொறுக்க வேண்டும். பாரம் தூக்கும்போது பல்லை இறுகக் கடிப்பது பழக்கம், ஆறும் தசைக்கு அது ஆகாது. வேலைக்குத் திரும்பும் நாளில் மரக் குச்சிகளைச் சுத்தமான பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் விட்டுப்போகும் இரண்டு வேளையை இரவில் சேர்த்துச் செய்ய முடியாது.